உட்காரும் உரிமை வந்தாச்சு... எழுந்திருக்கும் உரிமை எப்போ? திருப்பூர் முதுகுவலியும் 5 நிமிட பிரேக்கும்!

சாமளாபுரம், சோமனூர் பக்கமிருந்து காலையில் திருப்பூருக்குக் கிளம்பும் கம்பெனி வண்டிகளில் ரெண்டு வகை முதுகுவலி ஏறுது. ஒன்று, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பையருக்கு மெயில் தட்டும் மெர்ச்சண்டைசரோட வலி. இன்னொன்று, ஓவர்லாக் மெஷின் முன்னால் குனிஞ்சபடி ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் டெய்லரோட வலி. டாக்டரிடம் போனால் ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே அட்வைஸ்தான்: "ஒரே இடத்துல உட்காராதீங்க, நடுநடுவுல எழுந்து நடங்க." அந்த 'நடுநடுவுல' யாருக்குக் கிடைக்குது என்பதில்தான் சிக்கலே.

அரசு ஊழியர்களுக்கு ஒரு வழி இருக்கு. மத்திய ஆயுஷ் அமைச்சகம் 2021 செப்டம்பரில் 'ஒய் பிரேக்' என்ற ஆப்பை வெளியிட்டது. வேலைக்கு நடுவே 5 நிமிடம் தாடாசனம், கடி சக்ராசனம், கொஞ்சம் மூச்சுப் பயிற்சி. 2023 ஜூனில், நாற்காலியை விட்டு எழாமலேயே செய்யும் வடிவத்தையும் பரிந்துரைத்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனா, பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு 5 நிமிடம் என்பது 5 நிமிடம் இல்லீங்க, அத்தனை பீஸ் காசு.

முதுகுத் தண்டுவடத்தின் எலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க்குக்கு, பெரியவர்களான பிறகு தனி ரத்தக் குழாய் கிட்டத்தட்ட இல்லை. உடம்பு அசையும்போது ஏறி இறங்கும் அழுத்தமும் அதுக்குச் சத்து போய்ச் சேர உதவுது. தசைகளும் அப்படியே. மணிக்கணக்கில் இறுக்கியே வைத்திருந்தால் ரத்த ஓட்டம் குறைந்து களைத்துவிடும். 'சரியான பொசிஷன்ல உட்காரு' என்பதைவிட, 'அடுத்த பொசிஷனுக்கு மாறு' என்பதே உருப்படியான அறிவுரை.

"அப்போ புரொடக்‌ஷன் குறையுமே?" என்று முதலாளி கேட்பார். நியாயமான கேள்வி. அமெரிக்க வருமான வரித்துறையின் டேட்டா என்ட்ரி ஊழியர்களிடம் நடத்தி 2000-ல் வெளியான ஆய்வு இதைத்தான் பார்த்தது. வழக்கமான இடைவேளைகளோடு, கூடுதலாக மணிக்கு ஒரு 5 நிமிட பிரேக். உடல் வலியும் கண் எரிச்சலும் குறைந்தன. வேலையின் அளவு குறையவில்லை. 2007-ல் வந்த அடுத்த ஆய்வில் ஸ்ட்ரெச்சிங்கும் செய்யச் சொன்னார்கள். பலரும் பாதி பிரேக்குகளில்கூட அதைச் செய்யவே இல்லை! போஸ்டர் ஒட்டிவிட்டு 'எல்லாரும் எக்சர்சைஸ் பண்ணுங்க' என்று விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதுவே சாட்சி.

ஜப்பானில் இதைக் கூட்டமாகச் செய்கிறார்கள். 1928-ல் தொடங்கிய ரேடியோ உடற்பயிற்சி, சில நிமிட பியானோ இசை. இன்றைக்கும் பல தொழிற்சாலைகளிலும் கட்டுமான இடங்களிலும் மேனேஜரும் தொழிலாளியும் சேர்ந்தே கை நீட்டுகிறார்கள். எல்லாரும் எழும்போது 'நான் மட்டும் எழுந்தா சூப்பர்வைசர் முறைப்பாரே' என்ற பயம் இல்லை.

நம்ம சட்டம் எங்கே நிற்குது? 2021-ல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, நின்றுகொண்டே வேலை பார்ப்பவர்களுக்கு 'உட்காரும் உரிமை' கொடுத்தது. ஜவுளிக்கடைப் பெண்களுக்குப் பெரிய ஆறுதல். 1948-ன் தொழிற்சாலைகள் சட்டமும் நிற்பவர்களுக்கு இருக்கை கேட்டது. 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காதே, அரை மணி ஓய்வு கொடு என்றது. ஆனா, உட்கார்ந்தே தேய்பவர் நடுவில் எழுந்து நிற்க, எந்த உரிமையையும் அது தனியாக எழுதி வைக்கவில்லை. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்த மசோதா எதிர்ப்பால் வாபஸ் ஆனது நினைவிருக்கும். மணிக்கணக்கைப் பற்றி அவ்வளவு சண்டை போட்டோம், அந்த மணிகளுக்குள் முதுகு என்ன ஆகுது என்று யாரும் பேசலை.

என் கருத்து இது: இந்த 5 நிமிடத்தை டீ டைமிலிருந்து பிடுங்கக் கூடாது. டீ என்பது டீதான். தனியாக, சம்பளத்தோடு, லைன் மொத்தமும் மெஷினை ஆஃப் பண்ணிவிட்டு எழணும். பீஸ் ரேட் ஆட்களுக்கு அந்த நேரத்தைக் கணக்கில் சேர்க்கணும். ஷிப்மென்ட் நெருக்கடியில் முதலில் காணாமல் போவதும் இந்த 5 நிமிடமாகத்தான் இருக்கும் என்பதால், கம்பெனியைப் பார்க்க வரும் பையர்களின் ஆடிட் லிஸ்ட்டில் இது ஏறினால் இன்னும் நல்லது.

மெடிக்கல் ஷாப்பில் இடுப்பு பெல்ட் வாங்கப் போறவங்க ஒரு நிமிஷம். நாள்பட்ட இடுப்பு வலிக்கு பெல்ட்டைப் பரிந்துரைக்க முடியாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் சொல்லிவிட்டது. அது பரிந்துரைப்பதில் உடற்பயிற்சி இருக்கு. 2020-ல் உலகில் சுமார் 62 கோடிப் பேருக்கு இந்த வலி இருந்ததாக அதன் கணக்கு. 

அதுவரை, போன் வந்தால் எழுந்து பேசுங்க. பண்டலை எடுக்க நீங்களே நடங்க. மணிக்கொரு தடவை கையை இடுப்பில் வைத்துப் பின்னால் மெதுவாக வளையுங்க. வலி காலுக்கு இறங்கி மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ, காய்ச்சலும் சேர்ந்து வந்தாலோ, பயிற்சி எல்லாம் அப்புறம். ஷிப்மென்ட்டையும் விட்டுட்டு அன்னைக்கே டாக்டரைப் பாருங்க.