ஒரு மணி என்றால் ஏழு மணி

தான்சானியாவில் காலை ஏழு மணியை ‘ஸா மோஜா’ என்பார்கள். ஒரு மணி என்று பொருள். எட்டு மணி ‘ஸா ம்பிலி’, அதாவது இரண்டு மணி. சூரிய உதயத்திலிருந்து நேரத்தை எண்ணுகிறவர்களுக்கு இது இயல்பான கணக்கு. உதயாதி நாழிகை பார்த்து ஜாதகம் கணிக்கும் நமக்கும் இது புரியாத விஷயமல்ல. ஆனால் அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் கணிதமோ வேதியியலோ முடித்துவிட்டு, கிராமப் பள்ளியில் இரண்டு ஆண்டு பாடம் நடத்த வந்து இறங்கும் 22 வயது இளைஞருக்கு இது ஆரம்பப் பாடங்களில் ஒன்று. ‘இரண்டு மணிக்கு வாருங்கள்’ என்று தலைமையாசிரியர் சொன்னால் மதியம் போய் நிற்கக் கூடாதல்லவா?

இவர்களை அனுப்புவது 1961ல் அதிபர் கென்னடி தொடங்கிய ‘பீஸ் கோர்’. தமிழில் ‘அமைதிப் படை’ என்று எழுதுவதுதான் நேரான மொழிபெயர்ப்பு. ஆனால் 1987ல் நமது ராணுவம் இலங்கைக்குப் போன பிறகு தமிழ் வாசகர் எவரும் அந்தச் சொல்லை வெறும் சொல்லாகப் படிக்க முடியாது. மொழிபெயர்ப்பைப் பிழைப்பாகக் கொண்டவர்களுக்கு இப்படிச் சில சொற்கள் கைவிட்டுப் போவது வழக்கம். பீஸ் கோர் என்றே இருக்கட்டும். 1976 வரை இந்தியாவிலும் இருந்தார்கள். கோழிப் பண்ணை வைக்கக் கற்றுக்கொடுத்த வெள்ளைக்காரப் பையன்களைச் சில ஊர்களில் பெரியவர்கள் இன்னும் நினைவு வைத்திருக்கக் கூடும்.

நான் இங்கே பேச வந்தது அவர்களுடைய சேவை பற்றியல்ல, அதற்கு முந்தைய பயிற்சி பற்றி. தொடக்க காலத்தில் பயிற்சி முழுவதும் அமெரிக்காவில், பல்கலைக்கழக வளாகங்களில் நடந்தது. முதல் அணி கானாவுக்குப் போன ஆசிரியர்கள். கலிபோர்னியாவின் பெர்க்லியில் பயிற்சி பெற்று 1961 ஆகஸ்ட் 30ம் தேதி அக்ராவில் இறங்கிய அவர்கள், விமான நிலையத்திலேயே ட்வி மொழியில் ஒரு பாட்டுப் பாடி உள்ளூர்க்காரர்களை மகிழ்வித்தார்கள். மற்ற அணிகளுக்கும் ஏறக்குறைய இதே முறைதான்: பேராசிரியர்களின் சொற்பொழிவு, போகும் நாட்டின் வரலாறு, கொஞ்சம் மொழி, அமெரிக்க அரசியல், கம்யூனிசத்தைப் பற்றிய எச்சரிக்கை, நிறைய உடற்பயிற்சி. சிலரைப் போர்ட்டோ ரிக்கோ முகாமுக்கு அனுப்பிப் பாறை ஏற வைத்தார்கள். கை கால்களைக் கட்டித் தண்ணீரில் மிதக்கவும் வைத்தார்கள். மனநல நிபுணர்கள் பக்கத்தில் இருந்து கவனித்து, தேறாதவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். கயிறு பிடித்துப் பாறை ஏறியவர் பின்னக் கணக்கு நன்றாகச் சொல்லித் தருவார் என்று யார் கண்டுபிடித்தார்களோ!

வளாகப் பயிற்சியின் போதாமை வெளிப்பட வெகுகாலம் ஆகவில்லை. அதே 1961 அக்டோபரில், நைஜீரியாவின் இபாதான் பல்கலைக்கழகக் கல்லூரியில் மேற்பயிற்சியிலிருந்த ஒரு பெண், ஊரில் உள்ள நண்பருக்கு அஞ்சலட்டை எழுதினார். தெருவிலேயே சமைத்து, தெருவிலேயே வாழ்கிறார்கள் என்கிற ரீதியில் வியப்பும் அருவருப்பும் கலந்த வரிகள். அட்டை தபாலில் சேராமல் மாணவர்கள் கையில் கிடைத்தது. பிரதி எடுத்து விநியோகித்தார்கள், கண்டனக் கூட்டம் போட்டார்கள். அவர் மன்னிப்புக் கேட்டு நாடு திரும்ப வேண்டியதாயிற்று. அந்தப் பெண் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. கண்ணில் பட்டதை எழுதினார். எழுதப்படுகிறவர்களுக்கும் படிக்கத் தெரியும் என்பதுதான் அவருடைய பாடத்திட்டத்தில் விட்டுப் போயிருந்தது.

எழுபதுகளில் பயிற்சி மெல்ல மெல்ல அந்தந்த நாடுகளுக்கே நகர்ந்தது. பிறகு அங்கேயும் நகரத்து விடுதிகளை விட்டுக் கிராமத்துக்குப் போனது. தான்சானியா இதற்கு நல்ல உதாரணம். 1969ல் உறவு கசந்து பீஸ் கோர் அங்கிருந்து வெளியேறியது. 1979ல் திரும்பி வந்தது. இப்போதைய முறையில் சுமார் மூன்று மாதம் ஒரு குடும்பத்தோடு தங்க வேண்டும். அருகருகே நாலைந்து பயிற்சியாளர்கள், அவர்களுக்கு ஒரு உள்ளூர் மொழி ஆசிரியர். வாளித் தண்ணீரில் குளிப்பது, குந்தி உட்காரும் கழிப்பறை, கரி அடுப்பில் சமையல், துணியைக் கையால் துவைப்பது. இதெல்லாம் பயிற்சியா என்று நம் வாசகர்கள் சிரிக்கலாம். மக்காச்சோள மாவில் கிண்டிய ‘உகாலி’யை உருட்டி, நடுவில் கட்டை விரலால் குழி செய்து, கீரையை அள்ளுவதற்கு, நம் வீட்டுக் களியைப் போலவே, பழக்கம் வேண்டும்.

மொழி விஷயத்தில்தான் எனக்கு உண்மையான ஆர்வம். பெரியவர்களைப் பார்த்தால் ‘ஷிகமூ’ என்று சொல்ல வேண்டும். காலைப் பிடிக்கிறேன் என்பது அதன் மூலப் பொருள் என்கிறார்கள். ‘மரஹபா’ என்று பெரியவர் ஏற்றுக்கொள்வார். அமெரிக்கப் பட்டதாரி ஒருவர், காய்கறி விற்கும் கிழவியிடம் தினமும் காலைப் பிடிக்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் தக்காளி விலை கேட்கிறார். இதைவிடச் சிறந்த பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது? புத்தகத்துக்கு ‘கிடாபு’. அரபிச் சொல்தான். ஆனால் கிஸ்வாஹிலி அதன் ‘கி’யைத் தன் இலக்கணத்து முன்னொட்டாகவே எடுத்துக்கொண்டு, பன்மைக்கு ‘விடாபு’ என்று ஆக்கிவிட்டது. கடைக்கு ‘டுகா’, வண்டிக்கு ‘காரி’, லட்சத்துக்கு ‘லாக்கி’ என்று நம் பக்கத்துச் சரக்கும் அந்த மொழியில் உண்டு. பயிற்சியாளர் தப்பாகப் பேசினால் வீட்டுக் குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுத் திருத்துகிறார்கள். அந்தக் குழந்தைகளுக்குச் சம்பளம் கிடையாது.

இனி வகுப்பறை. சிக்கல் இங்கேதான். தான்சானியாவில் ஆரம்பப் பள்ளி முழுவதும் கிஸ்வாஹிலியில் படிக்கிற குழந்தை, உயர்நிலைப் பள்ளியின் முதல் ஆண்டில் திடீரென்று எல்லாப் பாடத்தையும் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும். பரீட்சையும் ஆங்கிலத்தில். தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, பொறியியல் கல்லூரியின் முதல் வாரத்தில் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இந்த வேதனையை விளக்க வேண்டியதில்லை. அந்தக் குழந்தைக்குப் பதின்மூன்று, பதினாலு வயதுதான். 2016ல் உயர்நிலைப் பள்ளிக் கட்டணம் ரத்தான பிறகு மாணவர் கூட்டமும் பெருகியது. ஒரே அறையில் அறுபது பேர் என்பது அபூர்வமல்ல.

எனவே சோதனை வகுப்பில் பயிற்சியாளர் தன் அமெரிக்க ஆங்கிலத்தைப் பாதி வேகத்துக்குக் குறைக்கப் பழகுகிறார். முக்கியச் சொற்களைக் கரும்பலகையின் ஓரத்தில் இரண்டு மொழியிலும் எழுதுகிறார். கிஸ்வாஹிலியில் ‘உமேமே’ என்றால் மின்னல், மின்சாரமும் அதுதான். நாமும் மின் என்ற ஒரே வேரிலிருந்துதான் இரண்டுக்கும் சொல் எடுத்திருக்கிறோம். அந்தச் சொல்லை மாணவன் வாயாலேயே சொல்ல வைத்து, அங்கிருந்து ஆங்கிலச் சொல்லுக்குப் பாலம் போடுகிற ஆசிரியர் பாதி இயற்பியலை நடத்திவிட்டார். மூன்று மாத மொழிப் பயிற்சி சந்தையில் தக்காளி வாங்க மட்டும் பயன்பட்டால் அது வீண்.

பிரம்பும் ஒரு பிரச்சினை. அங்கே பள்ளியில் அடிப்பதற்குச் சட்டம் இடம் தருகிறது. தலைமையாசிரியரோ அவர் அனுமதித்தவரோ நாலு அடிக்கு மேல் போகாமல் அடிக்கலாம். தன்னார்வலர் அடிக்கக் கூடாது. ஆசிரியர் அறையில் பிரம்போடு இருக்கும் சக ஆசிரியரிடம் உபதேசம் செய்யவும் கூடாது, அவரிடம் பிள்ளையைப் பிடித்துக் கொடுக்கவும் கூடாது. இதற்கு மூன்று மாதம் போதுமா?

போதாது என்பதே என் எண்ணம். நம் நாட்டில் பி.எட். படிப்பையே 2015 முதல் இரண்டு ஆண்டாக்கிவிட்டார்கள். பன்னிரண்டு வாரத்தில் தயாரான ஆசிரியரை நம் ஊர்ப் பள்ளிக்கு அனுப்பினால் பெற்றோர் ஏற்பார்களா? ஆனால் அந்தக் கிராமங்களில் பல நேரங்களில் தேர்வு, நல்ல கணித ஆசிரியருக்கும் சுமாரான கணித ஆசிரியருக்கும் இடையில் அல்ல. சுமாரான ஆசிரியருக்கும் காலி நாற்காலிக்கும் இடையில். அதனால் நான் எதிர்க்கவில்லை. இந்தப் பயிற்சியில் உண்மையில் ஆசிரியர் யார் என்பதை மட்டும் கணக்கில் எழுத வேண்டும். சோறு போட்ட வீட்டுக்காரம்மா, மொழி சொல்லித்தந்த உள்ளூர் இளைஞர், பின் பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுத்த பள்ளி ஆசிரியர், புது ஆசிரியரின் தடுமாற்றத்தைப் பொறுத்துக்கொண்ட மாணவர்கள்.

2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது, 60க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து சுமார் 7,000 தன்னார்வலர்களைப் பீஸ் கோர் ஒரே மூச்சில் திரும்ப அழைத்துக்கொண்டது. பலருக்கு வகுப்பில் விடைபெறக்கூட நேரமில்லை. 2022ல்தான் மீண்டும் நாடு நாடாக அனுப்பத் தொடங்கினார்கள். தான்சானியாவில் பள்ளிகள் 2020 ஜூனிலேயே திறந்துவிட்டன. பாதியில் நின்ற பாடத்தை உள்ளூர் ஆசிரியர்கள்தான் தொடர வேண்டியிருந்தது.