குறியீட்டுத் தர்க்கமும் நம் தமிழ் வாக்கியங்களும்

தர்க்கம் என்னுஞ் சொல் நம்மவர் நாவிற் பட்ட பாடு கொஞ்சமன்று. ‘தர்க்கம் பண்ணாதே’ என்று பெரியோர் சிறுவரைக் கடியுங்கால் அச்சொல் வீண்சண்டை என்ற பொருளையே தருகின்றது. கலாசாலையிலோ அது பரீட்சைக்குரிய பாடம். கணிதமும் கணிப்பொறி நூலும் பயிலும் மாணாக்கர் பலர் எழுத்துக்களையும் அம்புக்குறிகளையும் இட்டு அட்டவணை நிரப்பக் கற்கின்றனர். நிரப்பித் தேர்ச்சியும் பெறுகின்றனர். ஆயினும் அறிவிப்புப் பலகையிலுள்ள நான்கு வரித் தமிழிலிருந்து எது பெறப்படும், எது பெறப்படாது என்று வினவின், அவருட் பலர் தயங்குகின்றனர். இது அறிவுக் குறைவன்று. பயிற்சி வாக்கியங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைந்தமையால், தாம் நாடோறும் பேசும் மொழிக்கும் அக்குறிகளுக்கும் உள்ள தொடர்பு அவர்க்குக் காட்டப்படாமற் போயிற்று. குறியீட்டுத் தர்க்கத்தின் முதற்பயிற்சி தமிழ் வாக்கியங்களிலேயே தொடங்கல் வேண்டும் என்பது எம் கருத்து.

அளவை நூல் நமக்குப் புதிதன்று. மணிமேகலையின் 29-ஆம் காதை ஏது, எடுத்துக்காட்டு, அவற்றின் போலிகள் ஆகியவற்றை விரித்துரைக்கின்றது. புகையுள்ள இடத்து நெருப்புண்டு என்பதை ஒப்பிய நியாய நூலார், நெருப்புள்ள இடத்தெல்லாம் புகையுண்டு என்பதை மறுத்தற்குப் பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் காட்டினர். எனினும், சொற்களை நீக்கி எழுத்துக்களை நிறுத்திக் கணக்கைப்போற் செய்யும் முறை, 1847-லும் 1854-லும் ஜார்ஜ் பூல் எழுதிய நூல்களாலும், 1879-இல் பிரேகே எழுதிய நூலாலும் உருப்பெற்றது. 1921-இல் விட்கன்ஸ்டைனும் எமில் போஸ்டும் தனித்தனியே மெய்ம்மை அட்டவணையை வெளியிட்டபின் சோதனை எவர்க்கும் எளிதாயிற்று. அட்டவணை எளிது, வாக்கியத்தைக் குறியாக மாற்றுதலே அரிது.

ஓர் ஊரார் கூற்றாக மூன்று வாக்கியங்களை நோக்குவோம். ‘மழை பெய்தால் விதைப்போம்’ என்பது ஒன்று. ‘மழை பெய்தால்தான் விதைப்போம்’ என்பது மற்றொன்று. ‘மழை பெய்யாவிட்டாலும் விதைப்போம்’ என்பது மூன்றாவது. மழை பெய்தலை ‘ம’ என்றும், விதைத்தலை ‘வி’ என்றும் குறித்தால், முதல் வாக்கியம் ம → வி என்றாகும். இரண்டாவதில் ‘தான்’ என்னும் ஓரசை வந்து அம்பைத் திருப்பிவிடுகின்றது. அது வி → ம. மூன்றாவதிலுள்ள உம்மையோ, பெய்தால் விதைத்தல் சொல்லாமலே அமையும் என்று கொண்டு, பெய்யாத நிலையையும் அதனோடு சேர்க்கின்றது. இரு நிலையிலும் விதைப்பு உண்டாதலின், எஞ்சுவது ‘வி’ என்ற ஓரெழுத்தே. மழை அங்கே பெயரளவில் நிற்கின்றது. இடைச்சொல் ஒன்று ஏறுவதாலும் இறங்குவதாலும் பொருள் இவ்வாறு மாறுதலை நம் ஊர்க் கிழவியும் செவியால் உணர்வாள். ஆங்கிலத்தின் ‘ஒன்லி இஃப்’ என்ற தொடரைக் கண்டு அம்பை எத்திசையில் இடுவதென்று மயங்கும் மாணாக்கன், தன் தாய் பேசும் ‘தான்’ என்பதைக் கேட்டு மயங்கான். கைவசமுள்ள இச்செல்வத்தை விட்டு வேற்று வாக்கியங்களால் தொடங்குவானேன்?

இனிச் சோதனை. ‘விண்ணப்பம் கொடுத்தவர்க்கே கட்டணச் சலுகை’ என்று அறிவிப்பொன்று இருப்பதாகக் கொள்வோம். மாணாக்கனொருவன் ‘நான் விண்ணப்பம் கொடுத்தேன், ஆகவே எனக்குச் சலுகை உண்டு’ என்கிறான். ஏகாரம் ஈண்டுத் ‘தான்’ செய்யும் வேலையையே செய்கின்றது. சலுகை பெற்றவன் விண்ணப்பித்தவனாவான். விண்ணப்பித்தவன் சலுகை பெறுவான் என்று அறிவிப்பு எவ்விடத்தும் கூறவில்லை. விண்ணப்பம் மெய், சலுகை பொய் என்ற வரிசையை அட்டவணையில் எழுதினால், முற்கூற்றுக்கள் இரண்டும் மெய்யாய் நிற்க முடிபு பொய்யாகின்றது. அத்தகைய வரிசை ஒன்று கிடைத்தாலே வாதம் செல்லாது. இரண்டெழுத்துக்கு வரிசைகள் 4, மூன்றெழுத்துக்கு 8, பத்தெழுத்துக்கு 1024. ஆதலின் எழுத்துக்கள் மிகுந்தவிடத்து முடிபைப் பொய்யென வைத்துக்கொண்டு, முற்கூற்றுக்களெல்லாம் மெய்யாய் நிற்றல் கூடுமா என்று பின்னிருந்து தேடுதலே நலம். நிற்றல் கூடாதாயின் வாதம் செல்லும்.

குறியாக்குங்கால் நம் மொழியின் மயக்கங்களும் வெளிப்படும். ‘எல்லாரும் தேறவில்லை’ என்றால் ஒருவருமே தேறவில்லையா, சிலர் மட்டும் தவறினரா? எதிர்மறைக் குறியை எங்கே இடுவதென்று தீர்மானிக்காமல் எழுதுகோல் நகராது. ‘அவன் ஏழை, ஆனால் நேர்மையுள்ளவன்’ என்பதிலுள்ள ‘ஆனால்’ குறியீட்டில் வெறும் ‘உம்’ ஆகிவிடும், ஏழைக்கு நேர்மை அரிதென்ற இழிவுக் குறிப்பு உதிர்ந்துபோகும். அது உதிர்ந்ததில் எமக்கு வருத்தமில்லை. ‘அவன் தேறினால் நான் மீசையை எடுத்துவிடுகிறேன்’ என்று சூளுரைப்பவரும் தம்மையறியாமல் நல்ல தர்க்கிகளே: மீசை போகாது, ஆகவே அவன் தேறான் என்பது அவர் வாதம். அது செல்லும் வாதமே. மெய்யா என்பதைப் பரீட்சை முடிவு கூறும்.

இத்துணை முயற்சி எதற்கு, இயற்கையறிவு போதாதா என்று வினவுவாருமுளர். பீட்டர் வேசன் என்னும் ஆங்கில உளநூலார் 1966-இல் எழுதிய சோதனையைத் தமிழெழுத்தால் கூறுவோம். மேசைமேல் நான்கு சீட்டுக்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். கண்ணுக்குத் தெரிவன அ, க, 4, 7. ‘ஒரு பக்கம் உயிரெழுத்தாயின் மறுபக்கம் இரட்டை எண்’ என்ற விதி மெய்யா என்றறிய எவற்றைத் திருப்பல் வேண்டும்? இத்தகைய சோதனைகளிற் சரியாகக் கூறினோர் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு. அவரும் பெரும்பாலும் கல்லூரி மாணாக்கரே. பலரும் அகரத்தையும் 4-ஐயும் திருப்பினர். திருப்பவேண்டுவன அகரமும் 7-உமே; 4-இன் பின்னால் எவ்வெழுத்து இருப்பினும் விதிக்குக் கேடில்லை.

சீட்டாட்டத்தில் இப்பிழை நகைப்புக்கிடம். மாணவர் விடுதியில் கைக்கடிகாரமொன்று காணாமற் போனால் நகைப்புக்கிடமில்லை. ‘எடுத்தவன் அந்த அறைக்குள் சென்றிருத்தல் வேண்டும், இவன் சென்றான், ஆகவே இவனே எடுத்தான்’ என்று நாலு பேர் கூடிப் பேசுவர், விளக்கணைக்குமுன் ஓர் இளைஞனின் பெயர் கெட்டுவிடும். அவ்வாதத்தை இரண்டெழுத்தாக எழுதிப் பாருங்கள். கட்டணச் சலுகை வாதத்தின் வடிவம் எதுவோ அதுவே இது. அம்முற்கூற்று, அறைக்குட் செல்லாதவனைக் குற்றத்தினின்று விடுவிக்கும், சென்றவனைக் குற்றவாளியாக்காது. கடிகாரம் அவ்வறையிலிருந்து களவுபோயிற்று என்பது உறுதியாகி, ‘வேறொருவரும் அறைக்குட் செல்லவில்லை’ என்ற கூற்றும் சேருமாயின் வாதம் செல்லுபடியாகும். ஆயின் அக்கூற்றை அறிந்தவர் யார்? கதவருகே நாள்முழுதும் அமர்ந்திருந்தவர் எவர்? விசாரிப்பவர் முதலிற் கேட்கவேண்டிய வினா அதுவே. இளைஞனின் பெட்டியைத் திறப்பது அதற்குப் பின்.