தாம்பரம் மொட்டைமாடியில் தாக்குப்பிடிக்குமா பெரோவ்ஸ்கைட்?

சேலையூர், மாடம்பாக்கம் பக்கம் ஏதேனும் ஓர் அடுக்குமாடியின் மொட்டைமாடிக்கு ஏறிப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டியும் துணிக்கொடியும் போக மிஞ்சும் இடத்தை ஆறெட்டு வீடுகள் பங்கிட வேண்டும். ஒரு கிலோவாட் சோலாருக்கு ஏறத்தாழ 100 சதுர அடி தேவை. மானியம் கிடைத்தாலும் இடம் கிடைக்காது.

அதனால்தான் ஒளியை மின்சாரமாக்கும் படிகப் பொருளான பெரோவ்ஸ்கைட் இங்கே முக்கியமாகிறது. 2009இல் ஜப்பானில் மியாசாகா குழு செய்த செல், விழுந்த ஒளியில் 3.8 சதவீதத்தையே மின்சாரமாக்கியது. இன்று ஆய்வகச் செல்கள் 26 சதவீதத்தைத் தாண்டிவிட்டன. சிலிக்கான்மீது பெரோவ்ஸ்கைட்டைப் பூசினால் நீல ஒளியை மேலடுக்கும் சிவப்பு ஒளியைக் கீழடுக்கும் வாங்கிக்கொள்ளும். அப்படிப்பட்ட செல்லில் சீனாவின் லோங்கி நிறுவனம் 2024இல் 34.6 சதவீதத்தை எட்டியது. அதே மாடி, கூடுதல் மின்சாரம்.

ஆனால் எத்தனை நாளைக்கு? சிலிக்கான் பேனலுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் உண்டு. பெரோவ்ஸ்கைட்டோ ஈரம் புகுந்தால் சிதைகிறது. கருத்த படலம் ஈய அயோடைடாக மஞ்சளித்துவிடும். வெயிலில் அதன் அயனிகள் இடம்பெயர்ந்து மின்னோட்டத்தைக் குலைக்கின்றன. அதிலுள்ள, சீக்கிரம் ஆவியாகும் மெத்தில் அமோனியத்துக்குப் பதில் பார்மமிடினியம், சீசியம் சேர்ப்பதும், படிகப் பரப்பின் குறைகளை மெல்லிய மூலக்கூறு அடுக்கால் மூடுவதும், இரு கண்ணாடிகளின் விளிம்பைப் பியூட்டைல் ரப்பரால் அடைப்பதும் ஆயுளைக் கூட்டியிருக்கின்றன.

சர்வதேசச் சோதனையில் பேனலை 85 டிகிரி வெப்பத்தில், 85 சதவீத ஈரப்பதத்தில் 1,000 மணி நேரம் வைக்கிறார்கள். அது பெரும்பாலும் இருட்டறையில் நடக்கிறது. தாம்பரத்திலோ சித்திரை வெயிலும் கடற்கரை ஈரமும் ஒரே நேரத்தில் தாக்கும்; பிறகு ஐப்பசி அடைமழை. இந்த மண்ணில் காட்டாத ஆயுளை இங்குள்ளவர்கள் நம்பிப் பணம் போடக்கூடாது.

சோதிக்க வசதி இல்லாமலில்லை. பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய காற்றாற்றல் நிறுவனம் சூரியக் கதிர்வீச்சையும் அளந்துவருகிறது. மேற்கே பிள்ளைப்பாக்கத்தில் ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனத்தின் ஆலை கண்ணாடிமீது காட்மியம் டெல்லுரைடு படலம் பூசுகிறது. அந்நிறுவனம் 2023இல் ஸ்வீடனின் பெரோவ்ஸ்கைட் நிறுவனமான எவோலரை வாங்கியது. படலம் பூசும் கைத்திறன் பக்கத்திலேயே இருக்கிறது.

பெரோவ்ஸ்கைட்டில் உள்ள ஈயத்தையும் மறக்கக்கூடாது. உடைந்த பேனலிலிருந்து கசிந்தால் அது மழைநீரோடு பள்ளிக்கரணைச் சதுப்புநிலம்வரை போகும். பழைய பேனலைத் திரும்பப் பெறும் ஏற்பாடு விற்பனைக்கு முன்பே தயாராக வேண்டும்.

சோதனையைத் தொடங்க, கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தின் கூரையில் சிலிக்கான் பேனலோடு பெரோவ்ஸ்கைட் பேனல்கள் நாலைந்தை அருகருகே பொருத்தலாம். இரண்டு வடகிழக்குப் பருவமழைக்கு அவை தரும் யூனிட் கணக்கை மாதந்தோறும் பொதுவில் வெளியிடலாம்.