மலைத்து நிற்கும் வேலைக்கு எட்டு வாரத் துணை

விடியற்காலையில் மார்க்கெட்டுக்குப் போய், ஐம்பது அறுபது வகைச் சரக்குக்கு விலை பேசி முடித்து, ஏழு மணிக்குள் கடையைத் திறந்துவிடுகிறவர்கள் நாம். யாரிடம் எவ்வளவு பாக்கி, எந்தப் பருப்பு எத்தனை மூட்டை இருக்கிறது என்பதையெல்லாம் நோட்டைப் பார்க்காமலே சொல்லிவிடுவோம். ஆனால் நம்மில் பலருடைய கடையில் கல்லாவுக்குப் பின்னால் ஒரு சாக்குப்பை இருக்கிறது. அதற்குள் மாதக்கணக்கில் பிரிக்காத கொள்முதல் பில்கள். அதைத் தொட மட்டும் கை வருவதில்லை. தீபாவளி முடியட்டும், பொங்கல் முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போகிறோம்.

இதைச் சோம்பல் என்று சொன்னால் நாம் ஒப்புக்கொள்ளமாட்டோம். நாளுக்குப் பதினைந்து மணி நேரம் நிற்கிறவன் சோம்பேறி அல்ல. வேலை ஒன்றோடொன்று சிக்கிக் கிடப்பதுதான் காரணம். பில் வரிசைப்படாமல் ரிட்டர்ன் போட முடியாது. ஒரு மாத ரிட்டர்ன் போடாமல் அடுத்த மாதத்தது போடமுடியாது. சரக்கு இருப்பு எடுக்காமல் கம்ப்யூட்டரில் ஏற்ற முடியாது. எங்கே தொடங்குவது என்று தெரியாமல் மனம் மலைத்து நிற்கிறது.

வேலையும் வருடத்துக்கு வருடம் மாறிக்கொண்டே இருக்கிறது. தமிழ்நாட்டில் விற்பனை வரி போய் 2007 ஜனவரியில் வாட் வந்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் நெய் 12 சதவீதத்திலிருந்தும், சோப்பு, பற்பசை, பிஸ்கட் ஆகியவை 18 சதவீதத்திலிருந்தும் 5 சதவீதத்துக்கு இறங்கின. வாடிக்கையாளருக்கு நல்லதுதான். ஆனால் அலமாரியில் இருந்த பழைய சரக்குக்கு விலை திருத்தியதும், பில் மெஷினில் விகிதம் மாற்றியதும் நாம்தானே.

தள்ளிப்போடுவதற்கு விலை உண்டு. தாமதக் கட்டணம் ரிட்டர்ன் ஒன்றுக்கு நாளைக்கு 50 ரூபாய். ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடிக்குள் இருந்தால் ஒரு ரிட்டர்னுக்கு 2,000 ரூபாய் உச்சவரம்பு. கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி தனி. தொடர்ந்து இரண்டு மாதம் போடாவிட்டால், வெளியே அனுப்பும் சரக்குக்கு இ-வே பில் எடுக்க முடியாது. ஆறு மாதம் போடாவிட்டால் பதிவையே ரத்து செய்யலாம். இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. ஒரு நிதியாண்டில் வாங்கிய சரக்குக்கான உள்ளீட்டு வரி வரவை, அந்த ஆண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30க்குள் எடுத்தாக வேண்டும். தவறினால் அந்தப் பணம் போனது போனதுதான். சாக்கில் கிடப்பது வெறும் காகிதம் அல்ல, நம் கைப்பணம்.

நம் உறுப்பினர் ஒருவரின் அனுபவத்தைச் சொல்கிறோம். மளிகைக் கடையோடு, சுற்றியுள்ள கிராமக் கடைகளுக்கும் சரக்கு அனுப்புகிறவர். ஐந்து மாத ரிட்டர்ன் நிலுவை. வாங்கிய கம்ப்யூட்டர் துணி போர்த்தியபடி இருந்தது. கடையை மகனிடம் விட்டுவிடலாமா, மூடிவிடலாமா என்று பேசும் அளவுக்கு மனம் ஒடிந்துபோனார். அப்போது, ஒரு மில்லில் கணக்கு எழுதி ஓய்வுபெற்ற பெரியவர் உதவிக்கு வந்தார். வியாழன்தோறும் பிற்பகல் இரண்டு மணி நேரம், எட்டு வாரம் மட்டும் என்று முதல் நாளே பேசிக்கொண்டார்கள்.

"சார், நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்களேன்" என்றார் கடைக்காரர். "நான் எழுதினால் அடுத்த வருஷமும் நான்தான் வரணும். நீங்க எழுதுங்க அண்ணாச்சி, நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கேன்" என்றார் பெரியவர்.

முதல் வாரம் சாக்கைத் தரையில் கொட்டி, மாதவாரியாகப் பிரித்ததோடு சரி. தொகை எதையும் கூட்டவில்லை. இரண்டாவது வாரம் பழைய மாதம் ஒன்றை மட்டும் எடுத்து, மொத்த வியாபாரிகள் தாக்கல் செய்த விவரத்தோடு ஒத்துப் பார்த்தார்கள். ஆறு பில் குறைந்தது. "அடுத்த வியாழனுக்குள் ஆறு போன்" என்பதுதான் அவருக்கு வைத்த வேலை. வியாழக்கிழமை ஒருவர் வந்து கேட்பார் என்ற எண்ணமே அந்த ஆறு போனையும் போட வைத்தது. மூன்றாவது வாரம் அந்த மாத ரிட்டர்ன் ஆடிட்டர் வழியாகப் போய்ச் சேர்ந்தது. மற்ற மாதங்கள் வேகமாக முடிந்தன. ஆறாவது வாரம் கம்ப்யூட்டர் மேலிருந்த துணி இறங்கியது. எல்லாச் சரக்கையும் ஏற்றாமல், அதிகம் ஓடும் நாற்பது சரக்கை மட்டும் ஏற்றினார்கள். எட்டாவது வாரம் பெரியவர் விடைபெற்றார். அடுத்த மாத ரிட்டர்னுக்கு வேண்டியதைக் கடைக்காரரே எடுத்து வைத்தார்.

"அதற்குத்தான் ஆடிட்டர் இருக்கிறாரே" என்று சிலர் கேட்கலாம். ஆடிட்டர் நாம் கொடுக்கும் கணக்கைத் தாக்கல் செய்வார். சாக்கைக் கொட்டிப் பிரிக்க அவரைக் கூப்பிட முடியாது. "வியாபார ரகசியம் வெளியே போகுமே" என்பது நியாயமான அச்சம். அதற்காகத்தான் தெருவில் போகிறவரை நம்பாமல் சங்கத்தின் மூலம் ஏற்பாடு செய்யவேண்டும் என்கிறோம்.

சங்கத்தின் முன் மூன்று யோசனைகளை வைக்கிறோம். ஒன்று, ஓய்வுபெற்ற கணக்கர்கள், கணக்கை ஒழுங்குபடுத்தி முடித்த நம் உறுப்பினர்கள் ஆகியோரில் விருப்பமுள்ளவர்களின் பட்டியலைச் சங்க அலுவலகத்தில் வைக்கவேண்டும். இரண்டு, எட்டு அமர்வுக்கு மேல் கூடாது என்றும் கட்டணம் இவ்வளவு என்றும் சங்கமே நிர்ணயிக்கவேண்டும். முடிவு நாள் தெரியாத உதவி, இன்னொரு சம்பளச் செலவாகிவிடும். மூன்று, உதவிக்கு வருபவர் அதே ஊரில் அதே சரக்கில் போட்டி வியாபாரம் செய்பவராக இருக்கக் கூடாது. பார்த்த கணக்கை வெளியே பேசமாட்டேன் என்று எழுதியும் கொடுக்கவேண்டும்.

சங்கம் முடிவெடுக்கும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். இன்று இரவு கடை அடைத்தபின் சாக்கிலிருந்து ஒரே ஒரு மாதத்துப் பில்லை மட்டும் பிரித்து வைப்போம். நாளைக் காலை, நம்பிக்கையான ஒருவரிடம் "வியாழக்கிழமை வந்து பார்க்கிறீர்களா?" என்று கேட்போம். கடன் கேட்கக் கூச்சப்படாத நாம், துணை கேட்கக் கூச்சப்படலாமா?