மூணு பேருக்கு மூணு சமையலா?



நம் பகுதியில் வாராவாரம் வரும் சமையல் குறிப்புகளை ஒன்று விடாமல் படிப்பவள் நான். பிடித்ததைக் கத்தரித்து நோட்டில் ஒட்டியும் வைக்கிறேன். அதனால் குறை சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். கொஞ்ச நாளாகவே ஒன்றைக் கவனிக்கிறேன். குழந்தைக்குத் தனிக் குறிப்பு, கணவருக்குத் தனிக் குறிப்பு என்று வருகிறது. குழந்தைக்கு என்றால் சீஸ், சாஸ், பாஸ்தா. கணவருக்கு என்றால் மசாலாவும் வறுவலும். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதையெல்லாம் ஒரே நாளில், ஒரே அடுப்படியில் நின்று செய்கிறவள் யார்? அவள் எப்போது சாப்பிடுகிறாள்? இதை யாராவது யோசித்தோமா?

எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பேர். அவர் பஸ் கண்டக்டர். விடிகாலை நாலரைக்கே கிளம்பிவிடுவார். நாற்பது வயதிலேயே பிரஷர் இருக்கிறது, உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். மகளுக்கு நாலு வயசு, எல்.கே.ஜி. போகிறாள். எங்கள் தெருவில் பாதி வீடுகள் இப்படித்தான். அந்த வீடுகளில் நான் பார்ப்பது என்ன? குழந்தை குழம்புச் சாதம் தின்னாது என்று அதற்கு இரண்டு நிமிட நூடுல்ஸ். கணவருக்குக் காரக் குழம்பும் பொரியலும். அம்மாவுக்கு? குழந்தை மிச்சம் வைத்ததும், சட்டியில் ஒட்டியிருப்பதும். மூன்று பேர் உள்ள வீட்டில் மூன்று சாப்பாடு. அதில் ஒன்றுகூட முழுச் சாப்பாடு இல்லை!

ஒரே சமையல் போதும் என்பதுதான் என் கருத்து. பொதுவாக ஒன்றை வேக வையுங்கள். காரம், புளி, உப்பு அதிகம் சேரும் முன்னால் குழந்தையின் பங்கை எடுத்து வைத்துவிடுங்கள். அப்புறம் பெரியவர்களுக்குத் தாளித்துக் கொட்டுங்கள். நம் பாட்டிமார் பத்துப் பதினைந்து பேர் உள்ள வீட்டில் இப்படித்தான் சமாளித்தார்கள். அவர்களுக்குக் குழந்தை உணவு என்று டப்பாவில் வரவில்லை. பருப்பு வேகும்போதே ஒரு கரண்டி தெளிவாக எடுத்து, நெய் விட்டுப் பிசைந்து பிள்ளைக்கு ஊட்டிவிட்டு, மிச்சத்தைத்தான் சாம்பாராக்கினார்கள்.

வெறுமனே பேசினால் போதாது, செய்முறையும் சொல்ல வேண்டும் அல்லவா? எங்கள் வீட்டில் மாறி மாறி நடப்பதைச் சொல்கிறேன்.

ராத்திரிக்குப் பருப்புச் சாதம். அரிசி ஒரு டம்ளர், பாசிப்பருப்பு அரை டம்ளர், பூண்டு நாலு பல், தக்காளி ஒன்று, பொடியாக நறுக்கிய கேரட் ஒன்று, கால் ஸ்பூன் மஞ்சள்தூள், அரை ஸ்பூன் சீரகம். ஐந்து டம்ளர் தண்ணீர் விட்டு, குக்கரில் ஐந்து விசில். குழைய வெந்திருக்கும். மகளுக்கு இரண்டு கரண்டி எடுத்து, துளி உப்பு போட்டு, ஒரு ஸ்பூன் நெய் விட்டு மசித்துவிடுவேன். மிச்சத்துக்கு இரண்டு ஸ்பூன் எண்ணெயில் கடுகு, இரண்டு வரமிளகாய், பத்து சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்துக் கொட்டிக் கிளறினால் அதுவே வேறு சாதமாகிவிடும். தொட்டுக்கொள்ள ஏதாவது ஒரு காய்ப் பொரியல். அப்பளம் வேண்டுமென்றால் மாதத்தில் ஒரு நாள்தான், அதிலும் உப்புதானே! ஊறுகாய் ஜாடி பரண் மேல் ஏறிவிட்டது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன் அளவுக்குள்தான் உப்பு இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாம் கையால் அள்ளிப் போடுவதை ஒரு நாள் ஸ்பூனில் அளந்து பாருங்கள், திடுக்கிட்டுப் போவீர்கள். வெங்காயம், பூண்டு, சீரகம், எலுமிச்சை எல்லாம் கூடுதலாகச் சேர்த்தால் உப்புக் குறைவது நாக்குக்கு அவ்வளவாகத் தெரியாது.

மத்தியானத்துக்குத் தட்டைப்பயறு. ஒரு டம்ளர் பயறை ராத்திரியே ஊற வைத்து, காலையில் மூன்று விசில். வெந்த பயறில் ஒரு சின்னக் கிண்ணம் எடுத்துக் கரண்டியால் லேசாக மசித்து, தேங்காய்த் துருவல் போட்டால் குழந்தைக்கு அது சுண்டல். மிச்சப் பயறு, நாலு கத்தரிக்காய், ஒரு கை சின்ன வெங்காயம், எலுமிச்சை அளவு புளி, இரண்டு ஸ்பூன் குழம்பு மிளகாய்த்தூள் சேர்ந்தால் அவருக்குக் கெட்டிக் குழம்பு. தூக்குவாளியில் போட்டுக் கொடுத்தால் மத்தியானம் இரண்டு மணி வரை கெடாமல் இருக்கும். வழியில் ஓட்டலில் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

லீவு நாளில் முருங்கைக்கீரை அடை. இட்லி அரிசி இரண்டு டம்ளர், கடலைப்பருப்பு அரை டம்ளர், துவரம்பருப்பு அரை டம்ளர், உளுந்து ஒரு கைப்பிடி. மூன்று மணி நேரம் ஊறட்டும். மிளகாய் போடாமல், சீரகம் மட்டும் சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்து, உருவிய முருங்கைக்கீரையும் வெங்காயமும் பொடியாக நறுக்கிப் போடுங்கள். குழந்தைக்கு உள்ளங்கை அளவில் இரண்டு வார்த்து எடுத்த பிறகு, நாலைந்து வரமிளகாயையும் ஒரு துண்டு இஞ்சியையும் அரைத்து மிச்ச மாவில் கலந்தால் முடிந்தது. குழந்தை கீரையைத் தட்டில் ஒதுக்கி வைக்கிறதே என்று அலுத்துக்கொள்கிறோம். அடைக்குள் இருக்கும் கீரையை எப்படி ஒதுக்கும்?

நாலாவது சத்துமாவு. கேழ்வரகு அரைக் கிலோ, பச்சைப்பயறு நூறு கிராம். இரண்டையும் தனித்தனியாக ஊற வைத்துத் துணியில் கட்டி முளை வந்ததும், நிழலில் ஈரம் போக உலர்த்தி வெறும் சட்டியில் வாசம் வர வறுக்க வேண்டும். பொட்டுக்கடலை நூறு, தோல் நீக்கிய வறுத்த வேர்க்கடலை நூறு, ஏலக்காய் ஆறு சேர்த்து மில்லில் கொடுத்து அரைக்கலாம். ஒரு விஷயம், மில்லில் அரிசி மாவு அரைத்த பிறகு கொடுங்கள். மிளகாய்த்தூள் அரைத்த கையோடு கொடுத்தால் கஞ்சி குடிக்கிற பிள்ளை அலறும்! வேர்க்கடலை சேர்ப்பதால் ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள், சிக்கு வாடை வந்துவிடும். குழந்தைக்குப் பாலும் கொஞ்சம் கருப்பட்டியும் சேர்த்துக் கஞ்சி. அவருக்கு அதே மாவில் உப்பைக் குறைத்துக் கூழ் கிண்டி, ஆறியதும் மோர் ஊற்றி, கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. தீட்டிய அரிசி அதன் பக்கத்தில்கூட வராது.

"அக்கா, அவ்வளவு மெனக்கெடுவானேன்? கடையில் டப்பா விற்கிறதே" என்று பக்கத்து வீட்டுத் தங்கச்சி கேட்டாள். அந்த டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். சேர்ந்துள்ள பொருட்களை எடை அதிகமானது முதலில் வரும்படிதான் அச்சிட வேண்டும் என்பது சட்டம். சர்க்கரை இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ இருந்தால் நாம் எதை ஊட்டுகிறோம் என்று புரிந்துவிடும். பாலில் கலக்கும் இப்படிப்பட்ட பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பின் கீழ் இணையதளங்களில் விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகமே அறிவுறுத்தியது. அப்படி ஒரு வகை உணவுச் சட்டத்திலேயே கிடையாதாம்! அரைக் கிலோ டப்பா வாங்குகிற காசில் மூன்று கிலோ கேழ்வரகு வாங்கலாம். அவசரத்துக்கு என்றைக்காவது வாங்குவதை நான் தப்பு என்று சொல்லவில்லை. அதுதான் சத்து, வீட்டுக் கஞ்சி ஏழைச் சாப்பாடு என்று நினைக்கிறோமே, அதைத்தான் சொல்கிறேன்.

வீட்டுச் சாப்பாடு சாதாரணமானதாக இருந்தால் குழந்தை சாப்பிடாது என்பதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில், தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்ன தருகிறார்கள்? உப்புமா, கிச்சடி, பொங்கல், காய்கறி போட்ட சாம்பார். அதே பொங்கலைத்தான் நம் வீட்டில் "வேண்டாம்மா" என்று தள்ளிவிடுகிறது பிள்ளை. அங்கே மட்டும் எப்படிச் சாப்பிடுகிறது? வரிசையாக உட்கார்ந்து எல்லாரும் ஒன்றையே சாப்பிடுகிறார்கள், அதுதான் ரகசியம். அப்பா தட்டில் இருப்பதே தன் தட்டிலும் இருந்தால் குழந்தை கை வைக்கும். டி.வி.யும் செல்போனும் காட்டி ஊட்ட வேண்டிய அவசியம் இருக்காது. அவர் வீட்டில் இருக்கிற ராத்திரிகளில் மூன்று பேரும் சேர்ந்துதான் உட்காருகிறோம். "அப்பாவுக்கு மட்டும் சிவப்பா இருக்கு, எனக்கும் குடு" என்று மகளே கேட்கிறாள். ஒரு துளி நாக்கில் வைத்தால் காரம் தெரிந்து சிரிக்கிறாள். இப்படித்தானே நாக்கு பழகும்?

சின்னக் குழந்தை வைத்திருப்பவர்கள் இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு உப்பு, சர்க்கரை, தேன் மூன்றும் வேண்டாம் என்றுதான் டாக்டர்கள் சொல்கிறார்கள். வேர்க்கடலையை முழுசாகச் சின்னப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். மூச்சுக் குழாயில் சிக்கினால் ஆபத்து. பொடித்து உருண்டை பிடித்துக் கொடுங்கள்.

"ஆம்பளைக்குக் காரசாரமா ஆக்கிப் போடாம என்ன சமையல்?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். எங்கள் அத்தையும் கேட்டார். காரத்தைக் குறைக்கவில்லை, வரிசையை மாற்றியிருக்கிறேன் என்று சொன்னேன். அவரும் முதலில் "ஏம்மா, இன்னிக்கும் பருப்புச் சாதமா?" என்று முகத்தைச் சுளித்தவர்தான். இப்போது டூட்டி இல்லாத நாளில் பூண்டு உரிப்பதும் முருங்கைக்கீரை உருவுவதும் அவர் வேலை. ஒரே சமையலாக இருந்தால் ஆண்களும் கைகொடுப்பது சுலபம். மூன்று சமையல் நடக்கும் அடுப்படிக்குள் அவர்களுக்கு எதை எடுப்பது என்றே தெரியாது.

கடைசியாக, நான் இதை எழுத முக்கியக் காரணம் நம்மைப் பற்றியது. 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேருக்கு. அம்மாவுக்கும் பிள்ளைக்கும் ஒரே நோய் என்றால் மருந்தும் ஒரே சட்டியில்தானே இருக்க வேண்டும்? பிள்ளைக்குச் செய்கிற கீரையும் பயறும் நமக்கும்தான். கீரை சாப்பிடும்போது எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள், இரும்புச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதை ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள், டீ அந்தச் சத்தைத் தடுத்துவிடும். கஷ்டப்பட்டுச் சமைக்கிறவள் கடைசியில் மிச்சத்தைத் தின்பது தியாகம் இல்லை சகோதரிகளே. அவள் படுத்துவிட்டால் வீடே படுத்துவிடும்.

சமையல் குறிப்பு எழுதும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். இனிமேல் எழுதும்போது, குழந்தையின் பங்கை எந்த நேரத்தில் எடுத்து வைப்பது என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். 'நாலு பேருக்கு' என்று அளவு போடும்போது அந்த நாலில் சமைக்கிறவளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் இப்படி ஒரே சட்டியில் நடக்கும் சமையல் இருந்தால் நம் பகுதிக்கு எழுதுங்கள். நோட்டில் ஒட்டிவைக்க நான் காத்திருக்கிறேன்.

— ஒரு வாசகி, ஸ்ரீவில்லிபுத்தூர்