கம்பியில்லாக் கருவிக்கு ஒரு முழக் கம்பி

'கம்பியில்லா' என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். கம்பியில்லாத் தந்தி என்ற பழைய வழக்கு முதல் இன்றைய கம்பியில்லா விசைப்பலகை வரை, அச்சொல் கருவியிடம் எது இல்லை என்பதை மட்டுமே சொல்லி நிற்கிறது. இல்லாத கம்பியின் இடத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பயனர் அறிந்துகொள்வது பெரும்பாலும் கருவி பழுதுபடும்போதுதான்.

மல்லேஸ்வரத்துக் குறுக்குத் தெருக்களில் வாடகை அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஆய்வு மாணவர்களின் மேசைகளில் ஒரு காட்சி அரிதன்று. மேசைக்கணினியின் பெட்டி காலடியில், சுவரை ஒட்டி இருக்கும். அதன் பின்புறத்தில், விசைப்பலகைக்கும் மவுஸுக்கும் உரிய நகத்தளவு ஏற்பி செருகப்பட்டிருக்கும். அதற்கு அடுத்த நீல நிறச் செருகுவாயில் களப்பணி ஒலிப்பதிவுகள் நிறைந்த வெளிவன்தட்டு ஓடிக்கொண்டிருக்கும். திரையில் சுட்டி தயங்கித் தயங்கி நகரும். தட்டிய எழுத்து விழாது, அல்லது ஒரே எழுத்து வரிசையாக ஓடும். முதலில் பேட்டரி மாற்றப்படும். பிறகு இயக்கி மென்பொருள் மீண்டும் நிறுவப்படும். இறுதியில் புதிய மவுஸ் ஒன்று வாங்கப்படும். அதுவும் அவ்வாறே தயங்கும்.

சுட்டி தயங்குவது எரிச்சலோடு முடிந்துவிடும். எழுத்து விழாமற் போவது அப்படியன்று. பேச்சைப் பதிவுசெய்து எழுத்துப்பெயர்க்கும் ஆய்வாளரின் கோப்பில் ஒரு நெடிற்குறி விடுபட்டால் 'பால்' என்பது 'பல்' ஆகிவிடும். இரண்டுமே சொற்கள், எந்தப் பிழைதிருத்தியும் வாய் திறக்காது. வட்டார வழக்கை ஆராயும் கோப்பில் நிலைமை இன்னும் சிக்கலானது. 'போச்சு' என்று இருக்கவேண்டிய இடத்தில் 'போசு' என்றிருந்தால், மெய்யைப் பேச்சாளர் விழுங்கினாரா, விசைப்பலகை விழுங்கியதா என்பதை ஆறு மாதம் கழித்து யாரால் சொல்ல முடியும்? ஆய்வேட்டின் முறையியல் இயலில் ஒலிப்பதிவுக் கருவியின் பெயர் இடம்பெறுகிறது, விசைப்பலகை இடம்பெறுவதில்லை.

இப்பழுதுக்குக் காரணம் பெரும்பாலும் மவுஸும் அன்று, விசைப்பலகையும் அன்று, பக்கத்துச் செருகுவாய். 2012 ஏப்ரலில் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட வெள்ளை அறிக்கை ஒன்று இதை அளவீடுகளோடு காட்டியது. யூ.எஸ்.பி. 3.0 இணைப்பில் தரவு வினாடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் ஓடுகிறது. அந்தக் குறிகையின் ஆற்றல் ஓர் அதிர்வெண்ணில் குவியாமல் பரந்த நிறமாலையில் சிதறிக் கிடக்கிறது. கம்பியில்லா மவுஸ், புளூடூத், பழைய வைஃபை ஆகியவை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை அந்த நிறமாலைக்குள்ளேயே விழுகிறது. வன்தட்டு இணைக்கப்பட்டபோது அப்பட்டையின் இரைச்சல் மட்டம் ஏறத்தாழ 20 டெசிபெல் உயர்ந்ததாக அவ்வறிக்கை காட்டுகிறது. டெசிபெல் மடக்கை அளவு ஆதலால் 20 என்பது திறனில் நூறு மடங்கு. வடிகட்டி வைத்து அகற்றவும் வழியில்லை. அந்த அதிர்வெண்ணை வெட்டினால் தரவுக் குறிகையும் சேர்ந்து சிதையும். செருகியையும் கம்பியையும் நன்றாக உலோகக் காப்பிடுவதும், ஏற்பியைத் தள்ளி வைப்பதுமே எஞ்சும் வழிகள்.

இங்கு ஒரு தவறான புரிதலைக் களையவேண்டும். நீல வாயில் ஏற்பியைச் செருகுவதே குற்றம் என்று சிலர் கருதுகின்றனர். வெறுமனே இருக்கும் நீல வாய் இரையாது. அதில் இணைந்து ஓடும் வன்தட்டும் அதன் கம்பியுமே இரைகின்றன. ஏற்பியின் அண்டைவீட்டார் யார் என்பதே கேள்வி.

தீர்வு வேடிக்கையானது. ஏற்பியை ஒரு முழ நீளமுள்ள யூ.எஸ்.பி. நீட்டிப்புக் கம்பியின் நுனியில் பொருத்தி, மேசையின் மேல், விசைப்பலகைக்கு அருகில் கொண்டுவந்து வைத்தால் போதும். பழைய 2.0 வகைக் கம்பியே இதற்குப் பொருந்தும். எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் ஒரு மவுஸின் விலையில் சிறு பங்குதான் அது. இதனால் இரண்டு நன்மைகள் ஒருங்கே கிடைக்கின்றன: இரைச்சலின் ஊற்றிலிருந்து ஏற்பி விலகுகிறது, கணினிப் பெட்டியின் இரும்புத் தகட்டு மறைவிலிருந்தும் வெளியே வருகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர், ஏறக்குறைய அரைச் சாண். அத்தகைய அலைக்கு அகன்ற இரும்புத் தகடு ஒரு சுவர். கம்பியில்லாக் கருவிக்கு மருந்து கம்பி என்பதில் உள்ள முரணை இலக்கணக்காரர்கள் ரசிக்கலாம்.

புளூடூத் வழியே இணைவோர்க்கு வேறொரு காரணமும் உண்டு. இன்றைய மேசைக்கணினிகள் பலவற்றில் வைஃபையும் புளூடூத்தும் ஒரே ஆன்டெனாவைப் பகிர்கின்றன. அதைத் திருகிப் பொருத்தப் பின்புறத்தில் பொன்னிறக் குமிழ்கள் இருக்கும். இணையத்துக்குக் கம்பி இருக்கிறதே, வைஃபை எதற்கு என்று ஆன்டெனாவை அட்டைப்பெட்டியிலேயே விட்டுவிடுவோர் பலர். பிறகு புளூடூத் விசைப்பலகையைக் குறை கூறுகின்றனர்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதும் கவனிக்கத்தக்கது. 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையில் குறைதிறன் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என்று இந்திய அரசு 2005 ஜனவரியில் விதி வகுத்தது. பிறர்க்கு இடையூறு செய்யக்கூடாது, இடையூறிலிருந்து பாதுகாப்புக் கோரவும் கூடாது, பகிர்ந்தே பயன்படுத்தவேண்டும் என்பது அதன் அடிப்படை. ஊர்ப் பொதுக்குளம் போன்ற ஏற்பாடு. மல்லேஸ்வரத்து அடுக்ககம் ஒன்றில் ஒவ்வொரு வீட்டின் வைஃபையும் அக்குளத்தில்தான் இறங்குகிறது. ஒன்றன்மேல் ஒன்று படியாத தடங்களாக அங்கு 1, 6, 11 என மூன்றே உள்ளன. வீட்டு வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிக்கொள்வது அண்டை வீட்டாருக்கும் செய்யும் உதவி. ஆனால் வன்தட்டின் இரைச்சலோ குளத்தில் இறங்கும் உரிமை கேட்டு வந்ததன்று. கரையிலிருந்து கசியும் சாக்கடை. இரண்டையும் ஒன்றாக்கி, 'பொதுப்பட்டை என்றால் அப்படித்தான்' என்று உற்பத்தியாளர் கைகழுவுவதை ஏற்க இயலாது.

2012இலேயே காரணம் அச்சில் வந்துவிட்ட பின்னும், வெளிவன்தட்டின் உறையில் 'அருகில் கம்பியில்லா ஏற்பி வேண்டாம்' என்று ஒரு வரி எத்தனை பெட்டிகளில் இருக்கிறது? சில மவுஸ்களோடு நீட்டிப்புக் கம்பி சேர்ந்தே வருகிறது. நேர்மையான செயல்தான், எனினும் அது எதற்கு என்று உள்ளே எழுதியிருப்பதில்லை, வாங்கியவர் இழுப்பறையில் போட்டு மறந்துவிடுகிறார். கல்வித்துறைகளின் பொறுப்பும் சிறிதன்று. கணினி ஆய்வகத்துக்கு நாற்பது கம்பியில்லா விசைப்பலகைகள் கேட்டு ஒப்பந்தப்புள்ளி கோருவோர், நாற்பது ஏற்பிகளும் ஒரே அறையில் பேசப்போவதை எண்ணுவதில்லை. தரவு உள்ளிடும் மேசைகளுக்குக் கம்பியுள்ள விசைப்பலகையே தகும். மேசை அழகாக இருப்பதற்காகத் தரவைப் பணயம் வைக்கத் தேவையில்லை.

மல்லேஸ்வரமே இடைவெளியை நம்பி எழுந்த பகுதி. 1898இல் பெங்களூரைப் பிளேக் தாக்கிய பின், நெரிசலான பேட்டையிலிருந்து மக்களை விலக்கிக் குடியமர்த்தவே அகன்ற தெருக்களும் வீடுகளுக்குப் பின்னால் சந்துகளுமாக அது வகுக்கப்பட்டது.

ஐயம் உள்ளவர்க்கு ஐந்து நிமிடச் சோதனை போதும். வன்தட்டு ஓடும்போது ஒரு பத்தியைத் தட்டச்சிட்டுப் பார்க்கவேண்டும். பிறகு அதைக் கழற்றிவிட்டு அதே பத்தியை மீண்டும் தட்டச்சிடவேண்டும். இரண்டாம் முறை எழுத்துகள் ஒழுங்காக விழுந்தால் நீட்டிப்புக் கம்பி வாங்கலாம். ஆனால் அதற்கு முன் அந்த மேசையில் தட்டச்சான கோப்புகள் எவை என்று தேதி பார்த்துப் பிரித்து, ஒலிப்பதிவோடு வைத்து மறுபடியும் கேட்கவேண்டியிருக்கும்.