டிகாஷன் சொல்லும் சத்தியம்

பொடி விலை ஏறிவிட்டது. காபியில் இனிப்பைத் தேட வேண்டிய இடம் சர்க்கரை டப்பா அல்ல.

காணிப்பாக்கம் வரசித்தி விநாயகர் முன்னால் பொய்ச் சத்தியம் செய்யப் பலரும் துணிவதில்லை. சித்தூரிலிருந்து சுமார் 11 கி.மீ. தூரத்தில், கிணற்றுக்குள் எழுந்தருளியிருக்கும் சுயம்பு மூர்த்தி. சொன்ன பொய்க்குக் கணக்குக் கேட்காமல் விடமாட்டார் என்பது நம்பிக்கை. கொடுக்கல் வாங்கல் தகராறுகள் பல, குளத்தில் முழுகி எழுந்து சன்னதியில் சத்தியம் செய்வதோடு முடிந்துபோகும் என்பார்கள். குடியை விட்டேன், சிகரெட்டை விட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. காபியை விட்டேன் என்று சொல்லத்தான் யாருக்கும் வாய் வராது. காப்பாற்ற முடியாத சத்தியத்தைச் செய்யக் கூடாது என்ற விவேகம் பக்தர்களுக்கு இருக்கிறது.

சித்தூர்ப் பக்கத்துக்கு இந்தப் பழக்கம் தமிழ்நாட்டோடு பொதுவானது. 1911இல் தனி மாவட்டம் ஆகும்வரை சித்தூர், சென்னை மாகாணத்தின் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1960இல் திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. சித்தூர் அந்தப் பக்கமே தங்கியது. எல்லைக்கோடு அடுக்களையைப் பிரிக்கவில்லை. தமிழ் பேசும் வீட்டிலும் தெலுங்கு பேசும் வீட்டிலும் ஃபில்டருக்கு ஃபில்டர் என்றுதான் பெயர், டிகாஷனுக்கு டிகாஷன்தான்.

இத்தனைக்கும் இது ஆதிகாலத்துச் சமாச்சாரம் அல்ல. பதினேழாம் நூற்றாண்டில் பாபா புடன் என்ற சூஃபி ஏமன் நாட்டிலிருந்து ஏழு கொட்டைகளைக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் விதைத்தார் என்பது கர்ணபரம்பரைக் கதை. அது நடந்து இருநூறு ஆண்டுகளுக்கும் மேலான பிறகுதான் காபி தமிழ் நடுத்தர வர்க்கத்தின் அடுக்களைக்குள் வந்தது. காலையில் நீராகாரம் குடித்துக்கொண்டிருந்த குடும்பங்கள் காபிக்கு மாறியபோது எழுந்த கண்டனங்களை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற ஆய்வில் விரிவாகச் சொல்லியிருக்கிறார். கண்டனம் செய்தவர்கள் தோற்றார்கள். ஃபில்டர் ஜெயித்தது.

இப்போது அந்த வெற்றிக்குக் கொடுக்க வேண்டிய விலை ஏறியிருக்கிறது. பிரேசிலில் 2024இல் மழை பொய்த்தது; வியட்நாமிலும் விளைச்சல் அடிவாங்கியது. 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அரபிகா ஒரு பவுண்டு நான்கு டாலரைத் தாண்டியது. அதுவரை காணாத உச்சம். இந்தியாவில் விளையும் காபியில் பெரும்பகுதி ஏற்றுமதியாகிறது. 1996 முதல் தோட்டக்காரர்கள் காபி வாரியத்தை எதிர்பார்க்காமல் முழு விளைச்சலையும் தாங்களே விற்கலாம். எனவே உலகச் சந்தையின் விலை தெருமுனைக் காபிக்கடையின் எடைத் தட்டுக்கு நேராக வந்து சேர்ந்துவிடுகிறது.

விலை ஏறும்போது பொடிக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்வி முக்கியமாகிறது. பாக்கெட்டும் ஒரு சத்தியம் செய்கிறது. சிக்கரி கலந்த பொடியென்றால், காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று மேலே அச்சிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இதைத் திருப்பிப் படித்தால் 49 சதவீதம் வரை சிக்கரி இருக்கலாம் என்று அர்த்தம். அரை கிலோ பாக்கெட்டில் 245 கிராம் சிக்கரி இருந்தாலும் குற்றமில்லை. குற்றமில்லைதான்; ஆனால் வாங்குகிறவர் காபிக்கென்று எண்ணிக் கொடுத்த பணம் அது. விலையைப் பார்க்கிற கண்கள் அந்தச் சின்ன எழுத்தையும் பார்த்தாக வேண்டும்.

சிக்கரியை வில்லனாக்குவது நியாயமில்லை. அது ஒரு செடியின் வேர். குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் விளைகிறது. காயவைத்து வறுத்தால் அதிலுள்ள சர்க்கரைச் சத்து கருகி, கசப்பும் இனிப்புமான ஒரு ருசி வருகிறது. கஃபீன் கிடையாது. நெப்போலியன் காலத்தில் கப்பல் போக்குவரத்து முடங்கி காபி கிடைக்காமல் தவித்த ஐரோப்பா, சிக்கரியை வைத்துத்தான் சமாளித்தது. தண்ணீரில் காபியைவிட அதிகமாகக் கரைவதால் டிகாஷனுக்கு நிறமும் கனமும் தருகிறது. பாலை நிறையச் சேர்க்கும் வழக்கத்துக்கு இந்தக் கனம் தேவைப்படுகிறது. எண்பதுக்கு இருபது என்ற கணக்கைப் பலர் விரும்புவதற்குக் காரணம் இதுதான். சிக்கரி ஏறஏற காபியின் வாசனை பின்வாங்கும். நிறம் மட்டும் ஏமாற்றிக்கொண்டிருக்கும். சந்தேகம் வந்தால் ஒரு டம்ளர் குளிர்ந்த நீரின் மேல் அரை ஸ்பூன் பொடியைத் தூவிப் பார்க்கலாம். காபி மிதக்கும். சிக்கரி சில விநாடிகளில் பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டு கீழே இறங்கும்.

பொடி விஷயம் தீர்ந்தால் மீதி வேலை ஃபில்டருடையது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பாத்திரங்கள், மேல் பாத்திரத்தின் அடியில் நுண்ணிய துளைகள், நடுவில் கம்பி வைத்த ஒரு துளைத்தட்டு, ஒரு மூடி. மின்சாரம் வேண்டாம், காகிதம் வேண்டாம். சொட்டுச் சொட்டாக இறங்கும் இந்த முறை தமிழர்களின் தனிச் சொத்து அல்ல. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே பாரிசில் இரண்டடுக்குக் காபிப் பாத்திரம் புழக்கத்தில் இருந்தது. வியட்நாமில் டம்ளர் மேல் உட்காரவைக்கும் 'ஃபின்' இதன் நெருங்கிய உறவு.

இருவருக்கான காபிக்கு 20 கிராம் பொடி, அதாவது சுமார் மூன்று மேசைக்கரண்டி போதும். மேல் பாத்திரத்தை வெந்நீரில் அலசிச் சூடாக்கித் துடைத்துவிட்டுப் பொடியைப் போட வேண்டும். தட்டிச் சமன் செய்து, துளைத்தட்டை மேலே லேசாக வைத்தால் சரி. கையின் பலத்தையெல்லாம் காட்டி அழுத்தினால் தண்ணீர் இறங்காது. கொதி வந்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி அரை நிமிடம் விட்டு, முதலில் பொடி நனையும் அளவுக்கு மட்டும் ஊற்ற வேண்டும். புதிதாக வறுத்த பொடி நுரைத்துப் பொங்கும். வறுக்கும்போது உள்ளே சிக்கிய கரியமில வாயு வெளியேறும் அடையாளம் அது. அது அடங்கிய பின் மீதியை ஊற்றி மூடிவிடலாம். மொத்தம் 150 மி.லி. தண்ணீர் ஊற்றினால், பொடி குடித்தது போக 100 மி.லி.க்குச் சற்று மேல் டிகாஷன் கிடைக்கும். பதினைந்து இருபது நிமிடம் பிடிக்கும்.

பொறுமை வேண்டியிருப்பதற்குக் காரணம் உண்டு. பொடியிலிருந்து எல்லாச் சாரமும் ஒரே நேரத்தில் இறங்குவதில்லை. முதலில் வருவது புளிப்பு. அடுத்து இனிப்பும் வாசனையும். கடைசியில் கசப்பு. தண்ணீர் அவசரமாக ஓடிவிட்டால் புளிப்பு மட்டும் தங்கும். மணிக்கணக்கில் தேங்கி நின்றால் கசப்பு ஏறிக்கொள்ளும். நடுவில் இருக்கும் இனிப்பைப் பிடிப்பதுதான் வித்தை. டிகாஷன் புளித்தால் பொடி கொரகொரப்பாக இருக்கிறது அல்லது தண்ணீரில் சூடு போதவில்லை. கசந்தால் பொடி மாவாக அரைபட்டிருக்கிறது, வறுவல் கருகியிருக்கிறது அல்லது அழுத்தம் அதிகம். இரண்டாம் டிகாஷன் சிக்கனமாகத் தெரியும். ஆனால் நல்லதெல்லாம் முதல் தடவையே இறங்கிவிட்டதால் அதில் மிஞ்சுவது பெரும்பாலும் கசப்பு. அந்தக் கசப்பை மறைக்க இன்னொரு ஸ்பூன் சர்க்கரை விழும். மிச்சம் பிடித்த பொடிக்காசு சர்க்கரையில் போய்விடும். நீரிழிவு உள்ள வீட்டில் மருந்துச் செலவிலும் போகும். சரியாக இறங்கிய டிகாஷனுக்குச் சர்க்கரை பாதி போதும்.

இறங்கிய டிகாஷனை அடுப்பில் ஏற்றிக் கொதிக்கவைப்பது எல்லாவற்றையும் கெடுத்துவிடும். வாசனை ஆவியாகப் போய் வீடெல்லாம் மணக்கும், டம்ளரில் இருக்காது. சூடு வேண்டுமென்றால் வெந்நீர்ப் பாத்திரத்தில் டிகாஷன் கிண்ணத்தை இறக்கி வைக்கலாம். சூட்டைப் பாலிலிருந்து வாங்கிக்கொள்வது அதைவிட நல்லது. 'டிகிரி காபி' என்ற பெயருக்கு, பாலின் திடத்தை மானியில் டிகிரி பார்த்து வாங்கியதே காரணம் என்று ஒரு விளக்கம் உண்டு. பெயர் எப்படி வந்திருந்தாலும் விஷயம் உண்மை. கள்ளிச்சொட்டுப் பால் கசப்பை அடக்கும். ஒரு பங்கு டிகாஷனுக்கு இரண்டு அல்லது மூன்று பங்கு பால், அதுவும் முதல் கொதியில் இறக்கிய பால். திரும்பத் திரும்பக் காய்ச்சிய பாலில் காபி எடுபடாது. டவராவில் இரண்டு ஆற்று ஆற்றினால் நுரையும் வரும், நாக்கும் சுடாது.

அமெரிக்காவில் ஆலன் ஆட்லர் என்பவர் 2005இல் 'ஏரோபிரஸ்' என்ற சின்னக் குழாயை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பொடியையும் வெந்நீரையும் போட்டுக் கையால் அழுத்தினால் இரண்டு நிமிடத்தில் காபி. பயணத்துக்குத் தோதானது. இந்தியாவிலும் இளைஞர்கள் பெங்களூரிலும் சென்னையிலும் வாங்கிவைத்துப் பொடியை கிராம் கணக்கில் நிறுக்கிறார்கள், தண்ணீரின் சூட்டை அளக்கிறார்கள். ஆந்திரத்திலேயே மலைவாழ் மக்கள் விளைவித்து, 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அரக்குப் பள்ளத்தாக்கு அரபிகாவைத் தேடி வாங்குகிறார்கள். நல்ல மாற்றம். ஆனால் அந்தக் கருவி கையின் அழுத்தத்தால் செய்வதை எவர்சில்வர் ஃபில்டர் பூமியின் ஈர்ப்பால் செய்கிறது. புதிய கருவிக்குக் கொடுக்கிற கவனத்தைப் பாட்டியின் ஃபில்டருக்கும் கொடுத்தால் பணம் மிச்சம். டில்லியிலும் மும்பையிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு இது புதிதல்ல. ஊரிலிருந்து போன பெட்டியில் துணிமணிக்கு நடுவில் ஃபில்டரும் போயிருக்கும்.

கடைசியாக ஒரு கணக்கு. ஃபில்டர் இருபது நிமிடம் தானாக வேலை செய்யும் கருவி. ஆனாலும் பல வீடுகளில் அந்த இருபது நிமிடத்துக்காக விடியுமுன் எழுந்திருப்பது ஒரே ஒருவர்தான். அவர் பெண்ணாகத்தான் இருப்பார். 'நல்ல காபி அவள் கையால் குடித்தால்தான்' என்ற பாராட்டு, அந்த வேலையை நிரந்தரமாக அவர் தலையில் கட்டும் தந்திரம். பொடியின் அளவும் தண்ணீரின் அளவும் தெரிந்துவிட்டால் கைராசிக்கு இங்கே வேலையில்லை. இரவு கடைசியாகப் படுக்கப் போகிறவர் பொடியைப் போட்டுத் தட்டிவைத்து மூடிவிடலாம். காலையில் முதலில் கண் விழிப்பவர், அவர் யாராக இருந்தாலும், வெந்நீரை ஊற்றலாம். காபியை விடுவதாகச் சத்தியம் செய்ய வேண்டியதில்லை. தன் காபியைத் தானே போடுவதாகச் செய்யலாம். அது காப்பாற்றக்கூடிய சத்தியம்.